ஏழாம் நாழிகை

விரோதி வருடம், சித்திரை 1

இன்று வருடப் பிறப்பு. கோயில் மண்டபத்தில் பஞ்சாங்கம் வாசித்தார்கள். வருடத்தின் பெயர் விரோதி என்று குருக்கள் சொன்னதும் முன்வரிசையில் நாலு பேர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "உங்க பேரையே வச்சுட்டாங்களே நாழிகையாரே" என்றான் கோட்டைத் தட்டான். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கும் இந்தக் கோட்டையில் ஒருவரையும் பிடிக்காது. நான் அதை மறைத்ததும் இல்லை.

என் பெயர் உய்யக்கொண்டான். நெடுவயல் கோட்டையில் பத்தொன்பது வருடமாகப் பகல் நாழிகை பார்க்கிறேன். தண்ணீர்க் கொப்பரையில் ஒரு செப்பு வட்டில் மிதக்கும். அதன் அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. வட்டில் நிறைந்து முழுகினால் ஒரு நாழிகை. உட்புறம் அறுபது கோடு, ஒரு கோட்டுக்கு ஒரு விநாடி. முழுகியதும், சூரியன் உதித்ததிலிருந்து எத்தனையாவது நாழிகையோ அத்தனை முறை சேகண்டியில் அடிப்பேன். அதைக் கேட்டுத்தான் கோயில் பூசை, வாசல் காவல், அரண்மனைச் சாப்பாடு எல்லாம் நடக்கிறது. பத்தொன்பது வருடத்தில் ஓர் அடி முன்னே பின்னே விழுந்ததில்லை. என்னைப் பிடிக்காதவர்கள்கூட இதை ஒப்புக்கொள்வார்கள், குருக்களைத் தவிர.

இன்னொரு வேலையும் உண்டு. வருடத்துக்கு மூன்று ஓலை: நடந்தது, பிறந்தது, இறந்தது. கோட்டைக்குள் எது நேர்ந்தாலும் நேரத்தோடு அந்த மூன்றில் ஒன்றில் ஏற வேண்டும். வருடக் கடைசியில் கட்டி, கோட்டையை ஆளும் அரையரிடம் கொடுப்பேன். இப்போது எழுதும் இந்தக் கட்டு வேறு. இது எனக்கானது. கூரைக் கீற்றுக்குள் செருகி வைத்திருக்கிறேன்.

அரையரின் இரண்டு மனைவியருக்கும் மூன்று மாதம். பத்து வருடமாகப் பிள்ளை இல்லாத வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு. ஊரே அதைப் பற்றித்தான் பேசுகிறது. பானகம் என்னிடம் வரும்போது தீர்ந்துபோயிருந்தது.

சித்திரை 19

வெயில். கொப்பரைத் தண்ணீர் விரல் அளவு வற்றுகிறது. பூசை தாமதமானதற்கு என் சேகண்டிதான் காரணம் என்று குருக்கள் அரையரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் தூங்கிவிட்டார் என்பதுதான் காரணம்.

வைகாசி 6

படைத்தலைவர் மகளுக்குப் பெண் குழந்தை. பதினாலு நாழிகை, முப்பத்திரண்டு விநாடி.

பிரசவ அறைக்குள் ஆண்கள் போக முடியாது. அதனால் நான் வட்டிலோடு வெளியே உட்கார்ந்திருப்பேன். உள்ளே மருத்துவச்சி கையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருப்பாள். குழந்தை பிறந்த அந்தக் கணத்தில் அதை வாசல் வழியாக வெளியே உருட்டிவிட வேண்டும். பழம் வாசற்படி தாண்டும்போது வட்டிலில் எந்தக் கோடோ அதுதான் நேரம். இது எவ்வளவு எளிமையான வேலை! அரியாளுக்கு அதுகூடச் சரியாக வராது. மருத்துவச்சி என்று பெயர். இன்றைக்கு அழுகை கேட்டு இரண்டு விநாடி கழித்துத்தான் பழம் வந்தது.

"தாமதம்" என்றேன் கதவுக்கு வெளியிலிருந்து.

"எனக்குக் கை ரெண்டுதான் நாழிகையாரே. ஒண்ணுல புள்ள இருந்துச்சு."

"பழத்தை உருட்டிட்டுப் புள்ளையப் பிடிக்கிறது."

இன்னொரு பழம் வந்தது. அது உருண்டு வரவில்லை, பறந்து வந்தது.

வைகாசி 7

கன்னம் வீங்கியிருக்கிறது.

ஆனி 22

நங்கை இறந்து இன்றோடு நாலு வருடம். பார்த்திப வருடத்து 'இறந்தது' ஓலையில் என் கையாலேயே இரண்டு வரி எழுதினேன். ஒன்று என் மனைவி. இன்னொன்றுக்குப் பெயர் வைக்கவில்லை.

அன்றைக்கு அரண்மனையில் அரையரின் தங்கைக்கும் பிரசவம். அரியாள் அங்கே இருந்தாள். என் வீட்டுக்கு எல்லாம் கைமீறிய பிறகுதான் வந்தாள். சீக்கிரம் வந்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள். இதை அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. தப்பு செய்தவள் எப்படிப் பேசுவாள்?

ஆடி 4

வேட்டையில் அரையரைப் பன்றி குத்திவிட்டது. தொடையில் நாலு விரல் ஆழம். வைத்தியர் பிழைத்துவிடுவார் என்கிறார். அவர் யாரைப் பற்றித்தான் அப்படிச் சொல்லவில்லை?

ஆடி 9

அடைக்கலங்காத்த அரையர் இறந்தார். இருபத்தோரு நாழிகை, ஐந்து விநாடி.

கடைசி மூச்சுக்கு முன்னால் எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிற்கச் சொன்னார். நானும் நின்றேன். "எந்த நாச்சியார் வயித்துல முதல்ல ஆண் பிள்ளை பிறக்குதோ அவனுக்கு நெடுவயல்" என்றார். பெரிய நாச்சியாரின் அண்ணன் வில்லவராயன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அரையர் கையைத் தூக்கினார். "நேரத்தை உய்யக்கொண்டான் சொல்லட்டும். அவனுக்கு யாரையும் ஆகாது. அதனால யாருக்காகவும் பொய் சொல்ல மாட்டான்."

பத்தொன்பது வருடத்தில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. அதைச் சொல்லி என் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆடி 10

வாசல் காவல் முழுக்க வில்லவராயன் ஆட்கள். இளைய நாச்சியாருக்கு இங்கே சொந்தம் என்று ஒருவரும் இல்லை. அப்பா இறந்துவிட்டார். தெற்கே ஒரு தாய்மாமன் இருக்கிறார், வயதானவர்.

ஆவணி 2

வில்லவராயன் கூப்பிட்டனுப்பினான். அரையரின் ஆசனத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்திருந்தான். ஆசனத்தில் உட்காரவில்லை. அந்த மட்டுக்கு அறிவு இருக்கிறது.

"எந்தப் புள்ள மூத்தது, கணியா?"

"ரெண்டும் இன்னும் பிறக்கலையே ஐயா."

"எந் தங்கச்சி புள்ளதான் மூத்தது. கேட்டுக்க."

"இளையவங்க முந்திக்கிட்டா?"

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான். மென்று முடிக்கும் வரை என்னை நிற்க வைத்தான்.

"பொண்ணாயிருந்தா எழுதிக்க. ஆணாயிருந்தா பிறந்த ஓலையில எழுதாத. இறந்த ஓலையில எழுதினாப் போதும். மிச்சத்த நான் பார்த்துக்கறேன்."

"சரிங்க ஐயா" என்றேன். வேறு என்ன சொல்வது? கத்தி வைத்திருப்பவன் அவன். எனக்கு வெட்கமாக இல்லை. வெட்கமாக இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆவணி 11

வில்லவராயன் ஆட்கள் வீடு வீடாகச் சோதனை போடுகிறார்கள். இளைய நாச்சியார் தாய்மாமனுக்கு ஓலை அனுப்பினாராம். என் வீட்டுக்கும் வந்தார்கள். அடுப்பைக் கிளறிப் பார்த்தார்கள். கூரையைப் பார்க்கவில்லை. இனி இங்கே எதையும் யோசித்துத்தான் எழுத வேண்டும்.

புரட்டாசி 13

கொப்பரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அரியாள் வந்து நின்றாள். வேலையைத் தவிர வேறு பேச்சு எங்களுக்குள் நாலு வருடமாகக் கிடையாது.

"ஒண்ணு கேக்கணும்."

"கேட்டுட்டுப் போ."

"இளையவங்களுக்கு வயிறு இறங்கிருச்சு. அவங்கதான் முந்துவாங்க. ஆண் பிள்ளைன்னுதான் எனக்குத் தோணுது."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"செத்துப் பிறக்கிற புள்ளைக்கு எலுமிச்சம்பழம் உருட்டுவாங்களா?"

"இத்தன வருஷம் வேலை பார்த்தவளுக்கு இது தெரியாதா? உருட்ட மாட்டாங்க. பழம் வரலைன்னா நேரம் கிடையாது. இறந்த ஓலையில ஏறும்."

"அந்த ஓலையில ஏறின புள்ளையத் தேடி வந்து யாரும் கொல்ல மாட்டாங்கள்ல?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் பார்வையை விலக்கவில்லை.

"பழம் வரல, ஆனா அழுகை கேட்டுச்சுன்னா என்ன எழுதுவீங்க?"

"கேட்டத எழுதுவேன். பத்தொன்பது வருஷமா அதத்தான் பண்றேன்."

"உங்க புள்ள அழுதது கேட்டுச்சா?"

வெளியே போ என்றேன். அவள் போகவில்லை.

"உங்க வீட்டுக்கு ஓடினேன். நங்கைக்கு அப்பவே நினைவில்ல. புள்ளைய எடுத்தேன். உசுரோடதான் இருந்துச்சு, அழுதுச்சு. வழக்கத்த விடக்கூடாதுன்னு பழத்த உருட்டினேன் நாழிகையாரே. அது வாசப்படியத் தாண்டி முற்றத்துல போய் நின்னுச்சு. எடுக்க ஆள் இல்ல. நீங்க ஒரு நாள் நேரம் கேப்பீங்கன்னு அது விட்ட மூச்ச எண்ணினேன். இருநூத்திப் பன்னெண்டு. நாலு வருஷமா வச்சிருக்கேன். நீங்க கேக்கவேயில்ல."

கையிலிருந்த சாம்பலை அவள்மேல் வீசினேன். போய்விட்டாள்.

அவள் முதலில் கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

புரட்டாசி 14

வேலை அதிகம்.

புரட்டாசி 15

வேலை அதிகம்.

புரட்டாசி 20

அன்றைக்குக் காலையிலேயே பக்கத்து வீட்டுக்காரி அரண்மனை முற்றத்துக்கு ஓடி வந்தாள், நங்கைக்கு வலி எடுத்துவிட்டது என்று. நான் அதை உள்ளே இருந்த அரியாளிடம் சொல்லவில்லை. அரையர் தங்கையின் பிரசவம் நடக்கும்போது எப்படிக் குறுக்கே பேசுவது? பழம் வந்த பிறகுதான் சொன்னேன். அவள் ரத்தக் கையோடு ஓடினாள், "நீங்களும் வாங்க" என்று கத்திக்கொண்டே. வட்டில் பாதி நிறைந்திருந்தது. அது முழுகட்டும், சேகண்டி அடித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

முழுகியதும் அடித்தேன். சரியாக அடித்தேன்.

ஐப்பசி 11

மழை. இளைய நாச்சியாருக்கு விடியும்போதே வலி. பிரசவ அறைக்கு வெளியே நான் மட்டும். தாழ்வாரக் கோடியில் வில்லவராயனின் காவலாள் ஒருவன் ஈட்டியோடு. உள்ளே அரியாள்.

ஆறாவது நாழிகை அடித்தேன். வட்டிலைத் துடைத்து மறுபடி மிதக்கவிட்டேன். பதினேழாம் கோட்டுக்குத் தண்ணீர் வந்தபோது ஒரு காகம் கத்தியது. அறைப் பக்கமிருந்துதான் சத்தம் வந்தது. காகம்தான்.

அப்போது கை தவறிவிட்டது. வட்டில் முழுக இன்னும் நாற்பத்து மூன்று விநாடி இருக்கும்போதே சேகண்டியை எடுத்து ஏழாம் நாழிகையை அடித்துவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. எத்தனை அடித்தேன் என்று எண்ணவில்லை. காகம் ஓயும் வரை அடித்தேன்.

காவலாள் ஓடி வந்தான். "என்னங்க இத்தன அடி?"

"ஏழு."

"ஏழுக்கு மேல இருந்துச்சே."

"நீ எண்ணினியா? உனக்கு எத்தன வரைக்கும் எண்ணத் தெரியும்?"

அவன் முகம் சுருங்கிப் போய்விட்டான். பழம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அரியாள் ஒரு பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். செத்துப் பிறந்தால் பானையில் வைத்துத்தான் புதைப்பார்கள். பானை வாயில் துணிதான் கட்டியிருந்தாள், மூடி போடவில்லை. "மழை பெய்யுது, மூடியப் போடு" என்றேன். "வாய மூடுங்க" என்றாள். காவலாள் தீட்டுக்குப் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டான். பானைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

'இறந்தது' ஓலையில் எழுதினேன்: இளைய நாச்சியாருக்குப் பிறந்தது ஆண், உயிரில்லை, நேரமில்லை.

ஐப்பசி 12

வில்லவராயன் கேட்டான். "அழுகை கேட்டுச்சா?"

"இல்லிங்க ஐயா."

"சத்தியமா?"

"என்னைக்கு நான் பொய் சொன்னேன்?"

அது போதவில்லை அவனுக்கு. இளைய நாச்சியாரின் அறை வாசலில் போய் நின்று கேட்டான். அவர் நேற்று மயக்கம் தெளிந்ததிலிருந்து அழுகிறார். அந்த அழுகையை நானும் கேட்டேன். அதைக் கேட்ட பிறகு வில்லவராயனுக்குச் சந்தேகம் போய்விட்டது. நிம்மதியாகச் சாப்பிடப் போனான்.

கிணற்றடியில் அரியாளைப் பார்த்தேன். "அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?" என்றேன்.

"என்ன சொல்லணும்?"

"பெத்தவங்க."

"அவங்களுக்குப் பொய்யா அழத் தெரியாது நாழிகையாரே."

இவளைப் போல ஒரு கல்நெஞ்சக்காரியை நான் பார்த்ததில்லை. அவள் சொன்னது சரி என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஐப்பசி 13

அன்று ஏழாம் நாழிகை சீக்கிரம் அடித்தது என்று குருக்கள் வில்லவராயனிடம் புகார். அபிஷேகம் பாதியில் நின்றதாம். வில்லவராயன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐப்பசி 17

பெரிய நாச்சியாருக்கு ஆண் குழந்தை. பத்து நாழிகை, நாற்பத்தெட்டு விநாடி. பழம் சரியான நேரத்தில் வந்தது. பேரிகை கொட்டினார்கள். வில்லவராயன் என்னை எல்லோர் முன்னாலும் தோளில் தட்டினான். இரண்டு தடவை குளித்தேன்.

ஐப்பசி 30

நான் கொடுத்த நேரத்தை வைத்துக் குழந்தைக்கு ஜாதகம் எழுதி, சுற்றுவட்டாரத்து அரையர்களுக்கெல்லாம் நகல் அனுப்பிவிட்டார்கள். இளைய நாச்சியாரைத் தெற்கே தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட முடிவாம். பிள்ளையும் இல்லை, புருஷனும் இல்லை, இங்கே எதற்கு என்கிறார்கள். அவர் சாப்பிடுவதில்லை என்று சமையற்காரி சொன்னாள். ஊர் போய்ச் சேருவாரா என்பதே சந்தேகமாம்.

கார்த்திகை 15

இதை ஆற்றுக்கு அக்கரையில், குயவர் குடியிருப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். துணிமணி எடுக்க ஒருமுறை கோட்டைக்குப் போய் வந்தபோது இந்தக் கட்டைக் கூரையிலிருந்து எடுத்து வந்தது அரியாள். இடம் எப்படித் தெரியும் என்றேன். "பேசும்போதெல்லாம் கூரைய அண்ணாந்து பார்த்தா யாருக்குத்தான் தெரியாது?" என்றாள். இனி மறைத்து எழுத வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கார்த்திகை எட்டாம் தேதி காலையில் கோட்டை வாசலில் பல்லக்கு நின்றது. வழியனுப்ப வில்லவராயன், குருக்கள், காவலாட்கள், ஊரில் பாதி. அரியாளையும் வழித்துணைக்கு அனுப்பினார்கள். நான் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றேன். இளைய நாச்சியார் பல்லக்கில் ஏறப் போனவர், ஏறாமல் என்னிடம் வந்தார். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. இருபது வயதுகூட ஆகாதவர்.

"நாழிகையாரே, எம் புள்ள பிறந்த நேரம் என்ன?"

செத்துப் பிறந்ததற்கு நேரம் கிடையாது தாயே என்று சொல்லியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பதில். ஆனால் பத்தொன்பது வருடமாக யார் நேரம் கேட்டாலும் என் வாய் ஒன்றைத்தான் சொல்லிப் பழகியிருக்கிறது.

"ஆறு நாழிகை, பதினேழு விநாடி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோட்டையில் வாழ்க்கைப்பட்டவருக்கு வழக்கம் தெரியாதா? உயிர் இருந்தால்தான் நேரம். அவர் வாய் திறந்தது. நல்லவேளை, அரியாள் பாய்ந்து வந்து முந்தானையை இழுத்து அவர் முகத்தை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். மூடாமல் விட்டிருந்தால் அந்த முகத்தைப் பார்த்தே ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும்.

"என்ன சொன்ன?" வில்லவராயனின் குரல். "செத்துப் பிறந்ததுக்கு ஏது நேரம்?"

எனக்கு அரியாளின் முகம் தெரிந்தது. அவளுக்கு இப்படி ஒரு பயம் உண்டு என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. பானை எங்கே போனது என்று அடுத்துக் கேட்பான். இரண்டு நாழிகைக்குள் குதிரைகள் அக்கரையில், அவள் பிள்ளையை ஒளித்து வைத்த குயவர் வீட்டு வாசலில் நிற்கும்.

நான் சிரித்தேன். என் சிரிப்பைக் கேட்டுப் பலருக்கும் பழக்கமில்லை, திகைத்துப் போனார்கள்.

"பொய்தாங்க ஐயா. அழுதுக்கிட்டுப் போறாங்களேன்னு வாயில வந்த ஒரு நேரத்த அடிச்சு விட்டேன்."

"நீயா? நேரத்தையா?"

"இது என்ன புதுசா? எல்லாமே அப்படித்தான். வட்டிலப் பார்த்து எந்தக் காலத்துல எழுதினேன்? வெயில்ல உக்காந்தா தூக்கம் வருது. முழிச்சதும் ஒரு குத்துமதிப்பா எழுதிடுவேன். சேகண்டியும் அப்படித்தான்."

"எந் தங்கச்சி மகன் நேரம்?"

"அதுவும்தான் ஐயா."

யாரும் நம்பவில்லை. முகங்களில் தெரிந்தது. உய்யக்கொண்டானா பொய் சொன்னான் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னைப் பிடிக்காத ஊர், என் பக்கம் நின்றது. நிற்க வேண்டாத நேரம் பார்த்து நின்றது.

அப்போது குருக்கள் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அன்னிக்கே சொன்னேனே! ஏழாம் நாழிகை வர்றதுக்கு முன்னாடியே அடிச்சான். அபிஷேகம் பாதியில நின்னுது. யாராவது காது குடுத்துக் கேட்டேளா?"

காவலாளும் சேர்ந்துகொண்டான். "ஆமாங்க ஐயா, ஏழுக்குப் பதினஞ்சு இருபது அடிச்சாரு. கேட்டதுக்கு என்னையே திட்டினாரு."

குருக்களின் காலில் விழலாம்போல இருந்தது எனக்கு. என்மேல் அவருக்கு இருந்த அத்தனை வருடக் கோபமும் அன்றைக்கு ஒரு குழந்தைக்குக் கவசமாக நின்றது. அது அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

வில்லவராயனுக்கு முகம் கறுத்துவிட்டது. பத்து ஊருக்கு அனுப்பிய ஜாதகம் குப்பை. காலால் உதைத்தான், கொப்பரை உருண்டு தண்ணீர் வாசல் வரை ஓடியது. வட்டிலைக் கல்லில் வைத்து நசுக்கச் சொன்னான். அது என் தாத்தா காலத்து வட்டில். பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்டிவிடலாமா என்று காவலாள் கேட்டான். "வேணாம். வெட்டினா இவன் என்னமோ உண்மையச் சொல்லிட்டான்னு ஊர் பேசும்" என்றான் வில்லவராயன். என் தலையைச் சிரைத்து, முகத்தில் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து, கோட்டையை மூன்று சுற்று சுற்றி, ஊரைவிட்டே விரட்டினார்கள். தட்டான் சாணி எறிந்தான். நல்ல குறி.

பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் எனக்குப் பாதை முழுக்கத் தெரிந்தது. தெற்குப் பாதையில் பல்லக்கு சின்னதாகிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வரவில்லை.

கார்த்திகை 16

நேற்று ஓலை போதவில்லை. ஆற்றுத்துறையில் நாச்சியார் பல்லக்கை விட்டு இறங்கி, இனி நடந்தே கோயில் கோயிலாகப் போகப் போகிறேன் என்று சொல்லித் தூக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு விதவை எங்கே போனால் வில்லவராயனுக்கு என்ன? கை கழுவிவிட்டான். அவரும் அரியாளும் குயவர் வீட்டுக்குள் நுழைந்தபோது நான் அங்கே இல்லை. நல்லதாகப் போயிற்று. அதையெல்லாம் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நாளை மூவரும் தெற்கே கிளம்புகிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். மொட்டைத் தலையும் புள்ளி குத்திய முகமும் கூடவே வந்தால் போகிற ஊரெல்லாம் அடையாளம் சொல்லும். வரவில்லை என்றேன்.

மார்கழி 20

கோட்டையில் புதிதாக ஒரு நாழிகைக்காரன். பெரிய நாச்சியார் பிள்ளைக்கு ராஜயோகம் வரும்படி நல்ல நேரமாகப் பார்த்து எழுதிக்கொடுத்துவிட்டானாம். பானை விற்கப் போன குயவர்கள் சொன்னார்கள். சேகண்டி தாறுமாறாக அடிக்கிறதாம். குருக்களுக்கு அவனையும் பிடிக்கவில்லையாம்.

பங்குனி 30

இன்றோடு விரோதி வருடம் முடிகிறது. யாரும் கேட்கவில்லை என்றாலும் மூன்று ஓலையும் எழுதினேன்.

எழுத ஒரு பயமும் இல்லை. இந்தக் கட்டு வில்லவராயன் கையிலேயே கிடைத்தாலும் என்ன செய்வான்? நெடுவயல் முழுக்க அறிந்த பொய்யன் எழுதியது இது. குப்பையில் போடுவான்.

நடந்தது: அரையரைப் பன்றி குத்தியது. உய்யக்கொண்டான் ஏழாம் நாழிகையை நாற்பத்து மூன்று விநாடி முன்னதாக அடித்தான்.

இறந்தது: அடைக்கலங்காத்த அரையர், ஆடி 9. வேறு யாரும் இல்லை.

பிறந்தது: ஐப்பசி 11, ஆறு நாழிகை, பதினேழு விநாடி. இளைய நாச்சியாருக்கு ஆண் பிள்ளை. உயிரோடு. நெடுவயலுக்கு மூத்தவன்.

எழுதி முடிக்கும்போது குயவன் சக்கரத்தை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றான். வாரம் ஒருமுறை கோட்டைக்குப் பானை கொண்டுபோகிறவன். நான் ஒரு தடவை நேரத்தைச் சரியாகச் சொன்னால் போதும், அதை அங்கே போய் வேடிக்கையாகச் சொல்வான். அப்புறம் ஒருவன் யோசிக்க ஆரம்பிப்பான்.

"ஏய் பொய்யா, சூளை பிரிக்கணும். என்ன நாழிகை ஆச்சு?"

வேலிக்காலின் நிழலைப் பார்த்தேன். பதினொன்று தாண்டி எட்டு விநாடி.

"தெரியாதுப்பா" என்றேன். "ஒரு பதினஞ்சு இருக்கும்."